சாயம் என்று நினைத்த நீலம்

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் மருத்துவராக நான் பணியாற்றிய கடைசி ஆண்டுகளில் ஒரு காலை, மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஏழு வயதுத் தேன்மொழியை அவள் தாய் தூக்கி வந்தார். பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நான்குதான் இருந்தது. வேறு இடங்களில் பலமுறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய சில வாரங்களில் மீண்டும் குறைந்துவிடும். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் ஓயாமல் கொடுத்திருந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தந்தை சேகர் கதவோரம் நின்றார்.

சிறுமியின் உள்ளங்காலில் நீலப் புள்ளிகள் இருந்தன. என்னவென்று கேட்டேன்.

"சாயம் சார். பட்டறையிலயே சுத்திக்கினு இருப்பா," என்றார் சேகர்.

"நாக்குலயும் இருக்கேம்மா?"

"நாவப்பழம் தின்னுருப்பா சார்," என்றார் தாய்.

"இப்ப நாவப்பழம் எங்க விக்குது? வாங்கியும் தரல, பழி மட்டும் போடுற," என்றாள் தேன்மொழி.

ஒரு புள்ளியை விரலால் அழுத்தினேன். அது அமுங்கி வெளிறி, மெதுவாக மீண்டும் நிரம்பியது. சாயம் அப்படிச் செய்யாது. மலம் கருப்பாகப் போவதை டானிக்கின் விளைவு என்று எண்ணியிருந்தார்கள். சென்னையில் எண்டோஸ்கோப்பி செய்தபோது குடலிலும் அதே நீல முடிச்சுகள் தெரிந்தன. அவற்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது; மலம் கருத்ததும் அதனால்தான். புளூ ரப்பர் பிளெப் நீவஸ் சின்ட்ரோம்: ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே பிழையாக அமையும் அரிய கோளாறு.

சிரோலிமஸ் மாத்திரை தொடங்கியதும் கசிவு குறைந்தது. சில மாதங்கள் பள்ளிக்கும் போனாள். பரிசோதனைக்கு வரும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் "தூக்குப்பா" என்று கை நீட்டும்போதெல்லாம் சேகர், "அம்மாகிட்ட போ கண்ணு," என்று விலகினார். ஏன் என்று கேட்டேன். நீலம் படிந்த நகங்களைக் காட்டினார்.

"இந்தக் கையால தூக்கித்தான சார் அவளுக்கு ஏறிச்சி."

"பிறக்கும்போதே இருந்ததுப்பா. சாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"பட்டுல ஏறுன சாயமே போவாது. ரத்தத்துல ஏறுனது போவுமா சார்?"

படம் வரைந்து விளக்கினேன். "சரிங்க சார்," என்று தலையாட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மழைக்காலத்தில் குடலில் பெருங்கசிவு ஏற்பட்டது. ஏற்றிய ரத்தம் ஈடுகொடுக்கவில்லை. ஒரு முற்பகலில் எங்கள் வார்டிலேயே தேன்மொழி இறந்தாள். தாயை உறவினர்கள் வெளியே அழைத்துப் போனார்கள். சேகர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"இப்ப தொடலாமா சார்?"

தொடலாம் என்று தலையசைத்தேன். அவர் அவளுடைய பாதத்தைப் பற்றிக்கொண்டார்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயின் பெயரைக் கண்டறிந்ததும், பெற்றோர் தமக்குள் எந்தக் காரணத்தைச் சுமக்கிறார்கள் என்று கேளுங்கள். அது தவறென்று விளக்குங்கள். அவர்கள் தலையாட்டுவதை நம்பி எழுந்துவிடாதீர்கள். அவர்கள் கை குழந்தையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.