உள்நாக்கின் இடப்பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட வராந்தாவில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். காபி மூக்கு வழியாக வந்தது. புரை ஏறிவிட்டது என்று நினைத்துத் தலையில் தட்டிக்கொண்டேன். முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். அதுவும் மூக்கில் வந்தது. இருமலோ தும்மலோ இல்லை. அதுதான் வழி என்பதுபோலச் சாதாரணமாக ஒழுகியது.

அதற்கு மூன்று வாரம் முன்பு காய்ச்சலும் தொண்டைவலியும் வந்து சரியாகியிருந்தன. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

அன்று மதியத்துக்குள் பேச்சும் மாறிவிட்டது. மாரியூர் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டு வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று ஜோடி ஜோடியாக எழுதிப் பிள்ளைகளைச் சொல்ல வைப்பது என் வழக்கம். அன்று ஜோடியின் முதல் எழுத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் இரண்டாவது எழுத்துதான் வந்தது. 'ப' என்று சொன்னேன், 'ம' என்று கேட்டது. உதட்டை இறுக்கி அழுத்திச் சொன்னாலும் காற்று மூக்கு வழியே நழுவிவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. டீச்சர் சொன்னதை டீச்சர் சொன்னபடியே, முப்பது குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் இப்படியே ஓட்டினேன். பிறகு ஒரு பெண்பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். "டீச்சர், தப்பா நெனைக்காதீக. புள்ள வீட்ல மால் வேணும், மால் வேணும்ங்குது. ஒரு நாள் பூரா தேடுனோம், எந்த மாலுன்னு. பாலைக் கேட்டுருக்கு."

மறுநாள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. கோபமாகவே சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் ரூம்ல கம்ப்யூட்டர் வேலையப் பாருங்க டீச்சர். வருகைப் பதிவு ஏத்துறதுக்கு ஆளில்ல" என்றார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது என் வகுப்பின் பின்சுவரைப் பார்த்திருந்தது. என் இடத்தில் வந்த தற்காலிக ஆசிரியை 'ப' சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டே நான் பெயர்களைத் தட்டச்சு செய்தேன்.

வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன் செய்தால் முதல் நிமிடத்திலேயே, "இங்கன சிக்னல் சரியில்ல, நீ என்ன சொல்லுறன்னே வெளங்கல, கட் பண்ணிட்டு வாரேன்" என்பார். திரும்பக் கூப்பிடுவார். இரண்டாவது தடவையும் அதே சிக்னல்தான். "சிக்னல் இல்லை, நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் அவருக்கு விளங்கவில்லை. அதன்பிறகு எழுத்தில் அனுப்பிக்கொண்டோம். பகலெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் தட்டுவேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "உள்நாக்கு விழுந்திருச்சுத்தா, ஒண்ணுமில்ல" என்று என்னை முற்றத்தில் உட்கார வைத்து உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாள். தலைத்தோல் இரண்டு நாள் எரிந்தது. உள்நாக்கு எழவில்லை.

ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையில் முதலில் மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் என்னைத் தள்ளும்போது, பயமாக இருந்தால் கத்துங்கள், இல்லாவிட்டால் இதை அமுக்குங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். நான் கத்தினால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரம் அந்தப் பந்தை அமுக்காமல் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கட்டி எதுவும் இல்லை.

அடுத்ததாக ஒரு பெண் டாக்டர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மூக்கு வழியாக மெல்லிய கேமரா வயரை விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

"வாயோட கூரை பின்பக்கம் சதையா இருக்குல்ல டீச்சர், அதுதான் மென்னண்ணம். முழுங்கும்போதும் பேசும்போதும் அது மேல எழுந்து மூக்குப் பாதைய அடைக்கணும். ஆ சொல்லுங்க."

சொன்னேன். ஈரமான இளஞ்சிவப்புத் திரை ஒன்று வலப்பக்கம் மட்டும் எழுந்தது. இடப்பக்கம் தொங்கியபடியே கிடந்தது. உள்நாக்கு வலப்பக்கமாக ஒதுங்கிப்போனது.

"இடப்பக்கத்து நரம்பு வேலை செய்யல. காய்ச்சல்ல வந்த வைரஸா இருக்கலாம். தானாத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அவர் அப்போது இதே கோளாறு பற்றி ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முகமூடி மாதிரி ஒன்றை மூக்கில் மாட்டி, அதன் வழியே உள்ளே வரும் காற்றை எதிர்த்துக்கொண்டு பேசப் பழக்குவது. காற்றைத் தள்ளித் தள்ளி மென்னண்ணத்துத் தசை வலுவாகிறதா என்று பார்க்க வேண்டும். சம்மதித்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே பயிற்சி. மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதமும் அவர்கள் சும்மா இருக்க வேண்டும், சோதனைக்கு மட்டும் வர வேண்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்ய முடியாது. முன்கூட்டியே குலுக்கிப் போட்டு ஒட்டிவைத்த உறைதான் சொல்லும்.

தமிழில் எழுதிய படிவத்தைக் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உறையைப் பிரித்தார்கள். காத்திருக்கும் குழு.

விலகிக்கொள்ளலாம்தான். விலகினால் ஆறு மாதம் கழித்துக் கிடைக்கிற முகமூடியும் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு ஆள் இல்லை. திறந்து கிடக்கிற கதவு, வெளியே போனால் வெட்டவெளி. நான் உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன்.

மாதம் ஒருமுறை சாயல்குடியில் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியை வைத்து 'பா பா பா' சொல்லச் சொல்வார்கள். கண்ணாடியில் ஆவி படரும். படரக் கூடாது. வெள்ளையாகக் குழைத்த மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் படம் பிடிப்பார்கள். அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தில், என் எலும்புகளுக்கு நடுவே, வெள்ளை மருந்து தொண்டையில் இறங்காமல் மேலே ஏறுவதை நானே பார்த்தேன். கடைசியாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்: "பாப்பா சட்டை போட்டு கடைக்குப் போச்சு." அதை முன்பின் தெரியாத மூன்று பேர் கேட்டு, காதில் விழுந்ததை எழுதித் தருவார்கள்.

சாப்பாடு தனிக் கதை. கட்டியாக எதையும் விழுங்க முடிந்தது. ரசம், மோர், தண்ணீர் எதற்கும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது பார்க்கிற இடத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். இரண்டாவது மாதம் திருப்புல்லாணியில் என் அம்மா வீட்டு விசேஷம். போகாமல் இருக்க முடியவில்லை. கோயில் பாயசத்தை எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கல்யாணமான புதிதில் அந்தப் பாயசத்தைப் பிள்ளை வேண்டி எத்தனையோ முறை குடித்திருக்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். "பிரசாதத்த வேண்டாம்னு சொல்லலாமாத்தா?" என்று சித்தி உள்ளங்கையில் ஊற்றிவிட்டாள். ஒரு கையில் பாயசம், இன்னொரு கையில் தட்டு. மூக்கைப் பிடிக்கக் கை இல்லை. குடித்தேன். எல்லோருக்கும் முன்னால் அது மூக்கு வழியே பட்டுப்புடவையில் இறங்கியது. ஒரு குரல் மெதுவாக, "சாமி ஏத்துக்கல போல" என்றது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பந்தி முடியும் வரை வெளியே வரவில்லை.

மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பயிற்சிக் குழு. "காத்து மூஞ்சில அடிக்கும், நாம அதுக்கு எதுக்கப் பேசணும் டீச்சர், அம்புட்டுதான்" என்றார். அவர் சொன்னது எனக்கு ஒரு தடவையிலேயே விளங்கியது. என்னைவிடத் தெளிவாகப் பேசினார்.

ஊருக்கு வந்த மறுநாளிலிருந்து, பள்ளி விட்டதும் மாரியூர்க் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன். அது காற்றுக்காலம். மணல் கன்னத்தில் அறையும். கடலைப் பார்த்து நின்று, காற்றை எதிர்த்து 'பா பா பா' என்று கத்தினேன். முகமூடி இல்லாவிட்டால் என்ன, இந்தக் கரையில் காற்றுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். வலை காய வைக்க வந்த பெண்கள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒன்பது நாள் கத்தினேன். பத்தாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அதைவிட, போட்ட கையெழுத்து உறுத்தியது. சும்மா இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவள் நான். என்னால் டாக்டருடைய ஆராய்ச்சிக் கணக்கே கெட்டுப்போனால் என்ன செய்வது?

அடுத்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடல் காத்துலயா கத்துனீங்க?"

தலையாட்டினேன். வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் கோப்பைப் பிரித்து எழுதிக்கொண்டார்.

"இதுனால அண்ணத்துக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். வெளிய அடிக்கிற காத்து அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. ஆனா நீங்க சொன்னத நான் பதிவு பண்ணணும், பண்ணிட்டேன். ஆராய்ச்சிலருந்து உங்கள நீக்க மாட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் உங்க எடத்துல இருந்தா ஒன்பது நாளோட நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

என் வாக்கியத்தைக் கேட்டவர்கள் என்னதான் எழுதினார்கள் என்று அன்று எழுதிக் கேட்டேன். தயங்கினார். பிறகு எடுத்துக் காட்டினார். முதல் ஆள், விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டாவது ஆள் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மூன்றாவது தாளில் குண்டு குண்டான கையெழுத்தில், 'மாமா சண்டை போட்டு' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அதே சிரிப்பு அழுகையாகிவிட்டது.

வீட்டில் என் மாமனார், சண்டையே போடத் தெரியாத மனுஷன், வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்து வருடமாகக் காது சுத்தமாகக் கேட்காது. வாங்கிக் கொடுத்த மெஷின் அலமாரியில் கிடக்கிறது. என்ன நினைத்தேனோ, அவர் எதிரே உட்கார்ந்து அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

"எந்தப் பாப்பா?" என்றார். "பக்கத்து வீட்டுப் புள்ளையா? புதுச் சட்டையா போட்டுருக்கு?"

உதட்டைப் பார்த்தால் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் இத்தனை வருடமும் என் குரலைக் கேட்டதே இல்லை, வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை எனக்கு எதுவுமே ஆகவில்லை.

"ஏத்தா அழுற? புள்ளைக்கு என்ன ஆச்சு?"

நடந்ததை எல்லாம் அன்று வாயாலேயே சொன்னேன். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் என் பேச்சை நடுவில் நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், "நான் கல்யாணம் காட்சிக்குப் போறத விட்டு எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? போனா சும்மா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். வாய் வலிக்கும்" என்றார்.

அதன்பிறகு ஒரு தவறு செய்தேன். பேச ஓர் ஆள் கிடைத்ததும் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன். கடைக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் போவதில்லை. பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஓடி வந்து மாமாவின் எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவர் தூங்கிவிட்டால் அந்த வீட்டில் எனக்கு மொழியே இல்லை. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள், "எம்மூஞ்சியவே எத்தன நாளைக்குப் பாப்ப? எனக்குச் சோர்வா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகைக் காட்டிவிட்டால் அவரோடு பேச வழியில்லை.

ஆறு மாதம் முடிந்து எனக்கும் முகமூடி வந்தது. எட்டு வாரம் பயிற்சி செய்தேன். இடப்பக்கம் கொஞ்சம் அசையத் தொடங்கியது. தண்ணீர் மூக்கில் வருவது முக்கால்வாசி நின்றது. பேச்சு பாதிதான் திரும்பியது. ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் உண்மையைச் சொன்னார்.

"நரம்பு போனவங்களுக்கு ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல டீச்சர். உங்களுக்கு வந்தது மெஷினாலயா, நாள் போனதாலயான்னு என்னால சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் என்னைவிட அதிகம் காத்திருந்தவர்போல இருந்தது.

பல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே என் மேல்வாய்க்கு அளவெடுத்து, பல்செட் போல ஒரு தட்டு செய்தார்கள். அதன் பின்பக்கம் வால்போல நீண்டு, தொங்குகிற சதையைத் தூக்கிப் பிடிக்கும். முதல் வாரம் ஓயாமல் குமட்டியது. இரண்டாவது வாரம் 'ப' வந்தது. முழு 'ப' இல்லை, ஓரத்தில் கொஞ்சம் மூக்கு ஒட்டிக்கொண்ட 'ப'. ஆனால் 'ம' இல்லை.

இப்போது நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பைத் திரும்பக் கேட்டேன். பார்க்கலாம் டீச்சர் என்கிறார் தலைமை ஆசிரியை. தட்டோடு சாப்பிட முடியாது, மதியம் கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும். கழற்றினால் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும். சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி வரை என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். போன வாரம் ஒரு பிள்ளை மறந்துபோய் ஓடி வந்து, "டீச்சர், இவன் என்னைய அடிச்சுட்டான்" என்றாள். என் வாயில் சோறு இருந்தது, தட்டு டப்பாவில் இருந்தது. நான் கையைக் காட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மணி அடிக்கும் வரை அவள் தேம்பிக்கொண்டு, நான் சோற்றை மென்றுகொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.