காளியப்பன் வீட்டு மீன்தொட்டிக்கு இரண்டு குழாய்

என் அப்பா பாக்கியநாதன் சேலத்தில் குழாய் வேலை செய்தவர். கூப்பிட்டால் வேலை; சில மாதங்களில் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

1938இல் நூல் வியாபாரி காளியப்பன் தம் வீட்டுக் கூடத்தில் பத்தடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி அமைத்தார். மாடித் தொட்டியிலிருந்து கிணற்றுநீர் ஓயாமல் அதில் விழும். மிகுந்த நீர் ஒரு குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். அந்தக் குழாய் இரவும் பகலும் இரைந்தது.

"பேச்சே கேக்கமாட்டீங்குது, பாக்கியநாதா. தை மாசம் எம்மவளுக்கு நிச்சயம். அதுக்குள்ள சத்தத்தை நிறுத்து. நிறுத்திட்டா நம்ம புது மில்லுல நீதான் பிட்டரு," என்றார்.

நீரும் காற்றும் கலந்து இறங்கினால்தான் சத்தம். அப்பா குழாயின் வாயை நீருக்குள் தாழ்த்தினார். கீழே ஒரு வால்வு வைத்து, வாய் எப்போதும் மூழ்கியிருக்குமாறு திருகி நிறுத்தினார். குழாய் நிறைந்து ஓடியது, காற்று புகவில்லை. சத்தம் நின்றது.

பிறகு, நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இன்னொரு குழாயைத் திறந்த வாயுடன் பொருத்தினார். முதல் குழாய் அடைத்தால் மட்டுமே அதில் நீர் வரும். வந்தால் இரையும்.

நான் கிண்டியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். "சும்மா கெடக்கற குழாய் எதுக்குங்க தம்பி?" என்று காளியப்பன் என்னைக் கேட்டார்.

"தேவையில்லீங்க. முதல் குழாய்க்குச் சல்லடை இருக்குது, அடைக்காது," என்றேன்.

"சல்லடைதாண்டா முதல்ல அடைக்கும்," என்றார் அப்பா. கழற்ற மறுத்துவிட்டார்.

நிச்சயத்தன்று ஆட்டையாம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தொட்டிக்கு அடியிலேயே ஜமக்காளம் விரித்திருந்தது. மீனைப் பார்த்த பெண்கள், கோயில் குளத்தில் போடுவதுபோல் படிக்கணக்கில் பொரி போட்டார்கள். ஊறிய பொரி சல்லடையில் அப்பிக்கொண்டது. தட்டு மாற்றும் நேரத்தில் இரண்டாவது குழாய் கடகடவென்று இரைந்தது.

பின்கட்டில் நின்ற அப்பா ஓடிவந்து, தோள்வரை கையைவிட்டுப் பொரியை வழித்தார். நீர் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றிருந்தது.

"சபையில மானத்தை வாங்கிட்டியே!" என்றார் காளியப்பன்.

"இது கத்தலீன்னா சம்பந்தி மடியில கெண்டை உழுந்திருக்குமுங்க."

சம்பந்திதான் முதலில் சிரித்தார். காளியப்பனின் தாய் முத்தாயம்மாள் விடவில்லை: "அவனை ஏன்டா வையற? பொரி எடுத்துக் குடுத்தவ நானு. ஊட்டுக்குள்ள கொளம் வெட்டுனவன் நீ."

காளியப்பன் நீர்மட்டத்தையும் ஜமக்காளத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "திங்கக்கெழமை மில்லுக்கு வந்துரு," என்றார்.

சாகும்வரை ஒன்பது வருடம் அப்பா அங்கே பிட்டராக இருந்தார். என் கடைசி இரண்டு வருடப் படிப்பு அந்தச் சம்பளத்தில் முடிந்தது. போன மாதம் பதினான்காம் தேதி அவரை அடக்கம் செய்தோம். மில்லுக்கு அன்று அரை நாள் விடுமுறை.