சோப்பு நுரையும் அரை ஏக்கர் நிலமும்

போன வாரம் ஆவடி பக்கத்தில் இருக்கும் எங்கள் சேக்காடு ஃப்ளாட்டை விற்பதாக இருந்தோம். இருந்தோம் என்றால்... என் வீட்டுக்காரர் இருந்தார். நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க குவார்ட்டர்ஸ் வாசம். ரிட்டயர் ஆனதும் மனிதருக்கு மண்ணாசை வந்துவிட்டது. திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமத்தில் அரை ஏக்கர், நடுவில் ஓட்டு வீடு, சுற்றிலும் மாமரம். கூட வேலை பார்த்த நண்பர் விற்கப்போகும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ப் பார்த்தோம். நாட்டுக்கோழிக் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். இலையை மடிப்பதற்குள் இவர் முடிவே செய்துவிட்டார்.

"ஃப்ளாட்டை வித்துட்டு இங்கயே வந்துடலாம் மாலா. என்னா காத்து பாரு!"

காற்று நன்றாகத்தான் இருந்தது. என் கண்தான் பஸ் ஸ்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தது. சேக்காட்டில் தெருமுனைக்கு வந்தால் ஷேர் ஆட்டோ, ஆவடி ஸ்டேஷன் போனால் ரயில். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவேன், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஊருக்கோ காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அங்கே குடிபோனால் ஒரு முழம் பூ வாங்கக்கூட அவர் பைக்கின் பின்சீட்தான் கதி. நிஜமாகவே பயந்துபோனேன்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வேனா? ஆயுசுக்கும் 'உன்னாலதான்' என்று குத்திக்காட்ட மாட்டாரா? ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அங்க தங்கிப் பாத்துடலாங்க. விருந்தாளியா இல்ல... குடித்தனமா."

நண்பர் சாவியைக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினார்.

முதல் நாள் மயில் வந்தது. போட்டோ எடுத்து ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டார். மறுநாள் அதே மயில் எங்கள் பைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. யாரோ எதிரி என்று நினைத்துக் கொத்து கொத்தென்று கொத்த ஆரம்பித்தது.

"இதை யார்கிட்ட கம்ப்ளெயிண்ட் குடுக்கறது?" என்றார் இவர்.

சிரிக்காதீர்கள். குவார்ட்டர்ஸ்காரர்களின் பழக்கம் அது. குழாய் ஒழுகினாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் ஒரு கம்ப்ளெயிண்ட் கொடுத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பல்பு மாட்டி நான் பார்த்ததில்லை. ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் அதேதான்... அசோசியேஷன் செக்ரட்டரிக்கு ஒரு போன்.

பக்கத்து வீட்டு செல்வி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். "மயிலாண்டயே சொல்லுண்ணே, கேக்குதா பாப்போம்!"

அதற்கடுத்த நாள்தான் கிளைமாக்ஸ். அந்த வீட்டு போர் மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வேண்டும். அது அதன் நேரத்துக்குத்தான் வரும், போகும். அதற்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். காலையிலேயே செல்வி என்னிடம் வந்து சொன்னாள்.

"அக்கா, கரண்ட் பூடும். மோட்டாரப் போட்டுக்கோ. இப்ப வுட்டா சாயங்காலந்தான்."

போட்டேனா? ஊஹூம். இடத்தை வாங்கப் போகிறவர் அல்லவா இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் பாத்ரூமிலிருந்து அலறல். "மாலா! தண்ணி நின்னுபோச்சு! கண்ணெல்லாம் சோப்பு!"

"தொட்டி காலிங்க. சாயங்காலந்தான் கரண்ட் வருமாம்."

"கம்ப்ளெயிண்ட் குடு!"

"யாருக்குங்க?"

கதவு மெதுவாகத் திறந்தது. இடுப்பில் துண்டு, மற்றபடி தலையிலிருந்து கால்வரை நுரை. அப்படியே செல்வி வீட்டு அடிபம்பு வரை நடந்தார். தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

செல்வி பம்பை அடித்துக்கொண்டே, "இன்னாண்ணே, தொட்டில தண்ணி கீதான்னு பாக்காமயா சோப்பு போடுவாங்க?" என்றாள்.

அன்று மாலையே மூட்டை கட்டிவிட்டோம். ஆவடி சிக்னலில் பைக் நின்றபோது தொண்டையைக் கனைத்தார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. எனக்கு அந்த இடம் ஓகேதான். ஆனா அங்க உனக்கு பஸ் வசதி இல்லையே... பாவம், கஷ்டப்படுவ. உனக்காக விட்டுடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வாய் திறந்து சொல்லாத கவலை அல்லவா அது! தெரிந்துதான் சொன்னாரா, கைக்குக் கிடைத்த சாக்கா? இன்னும் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் அந்த நிமிஷம் மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

கிராமத்தில் இடம் வாங்கும் யோசனை உங்களுக்கும் இருக்கிறதா? பட்டா பாருங்கள், வில்லங்கம் பாருங்கள், பாதை இருக்கிறதா பாருங்கள். கோழிக் குழம்பு இல்லாத ஒரு சாதாரண நாளில் அங்கே குளித்தும் பாருங்கள்.

இப்போது சொந்தக்காரர்கள் எல்லாரிடமும், "மாலாவுக்காகத்தான் அந்த இடத்தையே விட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக நிற்கிறேன் — சிரிப்பது தெரிந்துவிடக் கூடாதே!