காபி கிரைண்டரில் ஒரு பிடி அரிசி

துபாயிலிருந்து வந்த என் கணவர் எஸ்பிரெஸ்ஸோ காபி மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கேற்ற கிரைண்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கப்புக்கும் வேண்டிய கொட்டையை மட்டும் அளந்து போட்டு அரைக்கும் 'சிங்கிள் டோஸ்' வகைதான் வேண்டுமாம். நன்னிலத்தில் உட்கார்ந்து பத்து நாள் வீடியோ பார்த்தேன். உள்ளே அரைக்கும் பல் தட்டையாக இருக்க வேண்டுமா, கூம்பாகவா? ஒருவர் புகழ்ந்ததை அடுத்தவர் திட்டினார். தலை சுற்றி, கடைசியில் பார்க்க அழகாக இருந்ததை வாங்கினேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு சுத்தம் செய்யலாமே என்று, மிளகாய் அரைத்த மிக்ஸியில் போடுவதுபோல ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டினேன். உறுமிவிட்டு நின்றுபோனது.

"தப்பான கிரைண்டரை வாங்கிட்டேங்க" என்றேன் கணவரிடம் அழாக்குறையாக. திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட எடுத்துவிட்டோம். கம்பெனிக்குப் போன் செய்தபோது, "கடைசியா உள்ள என்ன போட்டீங்க மேடம்?" என்று கேட்டார்கள். சொன்னேன்.

"அரிசியா! பிளக்கைப் பிடுங்கிட்டு மேல் பல்லைக் கழட்டிப் பாருங்க."

பல்லிடுக்கில் எங்கள் வயல் அரிசி இறுகிக் கிடந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டதும் கிரைண்டர் ஓடியது.

"கொட்டையை அரைக்கிறது அரிசியை அரைக்காதா?" என்றேன்.

"வறுத்தது நொறுங்கும். பச்சரிசி நொறுங்குமா?" என்றார் கணவர். எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும், "இதை எப்படிச் சுத்தம் பண்ணணும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தப் பத்து நாள் குழப்பத்தில் நான் கேட்காத ஒரே கேள்வி அதுதான்.