இணையம் எடுத்த படம் இல்லை அது

எங்கள் இசைக்குழுவின் வாட்ஸப்பில்தான் செய்தி வந்தது. "தேனக்கா போய்ட்டாங்க. கடலூர் ரோட்ல லாரி." அனுப்பியவன் கிதார் வாசிக்கும் விக்கி. பதிலுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டேன். போன மாதம் இதே குழுவில் விக்கி செத்துவிட்டான் என்று பொய்யாக அறிவித்து ஒத்திகைக்கு ஆள் திரட்டியவள் நான். பழிக்குப் பழி என்று நினைத்துவிட்டேன். பிறகு அந்தப் பொம்மையை அழித்தேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தேன்மொழி, வயது இருபத்தாறு. பெயரில்தான் தேன், பேச்சில் கொடுக்கு. வாரநாளில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீசில் கேட் பாஸ் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் படம் எடுப்பார். வேகமாகக் கத்திப் பாடும் பங்க் இசை என்றால் "எந்த பெட்ரோல் பங்க்?" என்று கேட்கும் எங்கள் கம்பெனி நகரியத்தில், இடிக்கப்போகும் காலி குவார்ட்டர்ஸில் மூன்று குழுக்கள் ஒளிந்து வாசித்தோம். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும் இரைச்சல்தான் எங்கள் திரை. கடைசி பஸ் திரும்புவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். எங்கள் பாட்டெல்லாம் குட்டையாக இருப்பதற்கு அதுதான் காரணம், கொள்கை எதுவும் இல்லை.

ஒருநாள் செக்யூரிட்டி உள்ளே வந்துவிட்டார்.

"யாரு உங்கள உள்ள வுட்டது?"

"இடிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து வைக்கணும்ங்க" என்றார் தேனக்கா.

"அதுக்கு இந்தப் பசங்க ஏன் கத்திக்கினு கீதுங்க?"

"செவுரு எவ்ளோ தாங்குதுன்னு பாக்கறோம் சார். கொஞ்சம் இப்டி திரும்புங்க, உங்க பேரு என்ன?"

அடுத்த வாரம் தேனக்கா அவர் படத்தை அச்சிட்டு, பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அவர்தான் எங்கள் வாசலுக்குக் காவல்.

எல்லாப் படத்துக்கும் அப்படித்தான். பாடியவர், டிரம்ஸ் அடித்தவர், பேட்டரி இரவல் தந்தவர், எல்லார் பெயரும் பின்னால் இருக்கும். கடைசி வரி, 'படம்: தேன்மொழி'. நான் கிண்டல் செய்தால் முறைப்பார். "பேர் இருந்தாதான்டி அடுத்த வேலை வரும். இல்லன்னா ஆயுசுக்கும் கேட் பாஸ்தான்."

சென்னையிலிருந்து ஓர் இணைய இதழ் எங்களைப் பற்றி எழுத அவரிடம் பன்னிரண்டு படம் வாங்கியது. கட்டாயம் பெயர் போடுவோம் என்றார்கள். கட்டுரை வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் 'நன்றி: இணையம்'. இதழுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு எங்கள் முன்னாலேயே பேசினார்.

"யாருங்க அந்த இணையம்? எந்த பிளாக்கு?"

"அடுத்த தடவை பாத்துக்கலாம் மேடம். இத்தனை பேர் பாக்கறாங்களே, அதுவே உங்களுக்கு விளம்பரம்தானே?"

"பேரே இல்லாம யாருக்குங்க விளம்பரம்?"

போனை வைத்துவிட்டார்கள். அந்த மாதமே சென்னையில் ஒரு புகைப்பட வேலைக்கான நேர்காணலுக்குப் போனார். வெளியான படங்களைக் கேட்டார்கள், காட்டினார். "இது நீங்க எடுத்ததுன்னு எப்படி நம்பறது?" என்றார்களாம். திரும்பி வந்து கேட் பாஸ் எழுதினார். அந்த ஆபீசுக்குப் போகும் வழியில்தான் லாரி இடித்தது. லாரி அடையாளம் தெரியாத வண்டியாம். அந்த இதழை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

நேற்று அவர்கள் அஞ்சலி வெளியிட்டார்கள். 'எங்கள் தேன்மொழி' என்று தலைப்பு. எங்கள்! ஊரையே படம் எடுத்தவரை யாரும் படம் எடுத்ததில்லை. ஒரே ஒருமுறை, அவர் வாயில் பாதிப் பரோட்டா இருக்கும்போது காமிராவைப் பிடுங்கி நான் எடுத்து எங்கள் இசைக்குழுவின் பக்கத்தில் போட்டேன். அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். கீழே, 'நன்றி: இணையம்'.

அவர் அம்மா ஒரு செருப்பு டப்பாவை என் கையில் கொடுத்தார். "இதுல உங்க பேர்லாம் எழுதிக்கீது, எடுத்துக்கினு போம்மா." உள்ளே படங்கள், மேலே அந்த மார்க்கர்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். இப்போது ஒவ்வொரு படத்தின் முதுகையும் போனில் எடுத்து அந்த அஞ்சலியின் கீழே போட்டுக்கொண்டிருக்கிறேன். அழிக்கிறார்கள். மறுபடி போடுகிறேன். தொல்லை கொடுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. உங்களிடமும் அவர் கொடுத்த படம் இருக்கும். திருப்பிப் பாருங்கள். கடைசி வரியை அங்கே போடுங்கள். அப்புறம் அழலாம்.