முப்பதுக்கு இருபது

எங்கள் திரைச்சீலைக் கடையில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, முதலாளிகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். வீடு வீடாகப் போய் ஜன்னலையும் கதவையும் அளந்து வருவது அவள் வேலை. அந்த அளவுக்குத் துணியை வெட்டித் தைப்பது என் வேலை. அவள் சொன்ன அளவை நம்பி வெட்டி நான் ஒரு முழம் துணி பாழாக்கியதில்லை. ஜன்னலை அளக்கத் தெரிந்தவளுக்கு ஆளை அளக்கத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். சொல்லும்போதே எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்துச் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளை. அப்பாவும் கொஞ்ச வருஷத்தில் போய்ச் சேர, அக்காதான் எல்லாமும் ஆனாள். வாடகை வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் அவள்தான் படுத்திருந்தாள். பெரிய வகுப்பு வந்ததும் தம்பி படிக்க அமைதி வேண்டுமென்று தன் பாயையும் தலையணையையும் ஹாலுக்கு எடுத்து வந்தாள். பரீட்சை முடியும்வரைதான் என்று பேச்சு. பரீட்சை முடிந்தது, கல்லூரி முடிந்தது, ஐயாவுக்கு வேலையும் கிடைத்தது. பாய் மட்டும் ஹாலைவிட்டுத் திரும்பவே இல்லை. ஒரு பக்கம் குளிர்சாதனப் பெட்டி உறுமும், இன்னொரு பக்கம் செருப்பு வைக்கும் தட்டு. அவன் டிவி பார்த்து முடித்தால்தான் இவளுக்கு ராத்திரி.

பகலெல்லாம் ஊரார் படுக்கையறை ஜன்னல்களை அளந்துவிட்டு வந்து இப்படிப் படுப்பவளுக்கு ஒரே ஒரு ஆசை. தனக்கென்று ஓர் அறை வேண்டும், அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். நகை கேட்டதில்லை, நாலு இடம் போகவேண்டும் என்று சொன்னதில்லை. தாழ்ப்பாளைப் பற்றித்தான் பேசுவாள்.

அவர்கள் அப்பா ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கித் தம்பி பேரில் எழுதிவைத்திருந்தார். ஏன் அவன் பேரில் என்று இவள் கேட்கவில்லை, நாங்கள் கேட்டால் எங்களைத்தான் முறைப்பாள். வேலை கிடைத்த அன்று தம்பி இனிப்புப் பெட்டியோடு கடைக்கு வந்து எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அந்த மனையில வீடு கட்டினா முதல் ரூம் எங்க அக்காவுக்குத்தான். அப்புறம்தான் மத்ததெல்லாம்." நானும் ஒரு துண்டு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு கண் கலங்கினேன். அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

புதுக் கணினி வாங்கிக்கொண்டு பழையதை அக்காவுக்குக் கொடுத்ததும் அவன்தான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மனை வாங்கி, வீடு கட்டி, உள்ளே ஆட்களை விட்டு வாழவைக்க வேண்டும். அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், சண்டை போடுவார்கள். கட்டிலுக்குப் போக வழி இல்லாவிட்டால் நின்ற இடத்தில் கையை ஆட்டி ஆட்டி நம்மையே திட்டுவார்கள். அக்கா பைத்தியமாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். என்னையும் அதில் பக்கத்து வீட்டுக்காரியாகச் செய்துவைத்திருந்தாள். கூப்பிடாமலே வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இருப்பதையெல்லாம் தின்றுவிட்டுப் போவேனாம். "உன்னை மாதிரியே இருக்குதுடி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த விளையாட்டில் முதல் வேலையே மனையைத் தேர்ந்தெடுப்பதுதான். இருபதுக்குப் பதினைந்து கட்டம், முப்பதுக்கு இருபது, நாற்பதுக்கு முப்பது என்று அளவுகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியது அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு. என்னைக் கேட்டால் பெரியதைத்தான் எடுப்பேன், சும்மா கிடைப்பதில் என்ன கஞ்சத்தனம். அக்கா அப்படி இல்லை. "பெரிய மனையை எடுத்தா வீட்டைத் தேடணும். ஆள் எத்தனை பேருன்னு பாரு, அப்புறம் மனையைப் பாரு" என்பாள். அதில் அவள் கட்டிய வீடுகளில் நடக்கிற ஆள் எங்கேயும் இடித்துக்கொள்ளாது.

தம்பிக்குப் பெண் பார்த்து முடிவானது. ஒரே பெண், நல்ல குடும்பம் என்று அக்காவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போதே தம்பி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, நம்ம வீட்டை நீயே வரைஞ்சு கொடு. இன்ஜினியர் எல்லாம் அப்புறம். மேஸ்திரிகிட்ட உன் படத்தைத்தான் காட்டப் போறேன்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜ மனை அறுபது அடிக்கு நாற்பத்தைந்து. கட்டம் ஒன்றுக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் நாற்பதுக்கு முப்பது கட்டம் கச்சிதமாகப் பொருந்தியது. பல வாரம் அதிலேயே கிடந்தாள். விளையாட்டில் சுவருக்குக் கனம் கிடையாது, கோடு மாதிரி நிற்கும். கதவு திறந்தாலும் எதிலும் இடிக்காது. நிஜத்தில் அப்படியா என்று ஒவ்வோர் அறைக்கும் சுவருக்காக ஒரு கட்டம் கூடுதலாக விட்டாள். தம்பிக்கும் மனைவிக்கும் பெரிய அறை, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒன்று, கிழக்கு மூலையில் தனக்கு ஒன்று. படுத்தபடியே வெளியே தெரிகிற மாதிரி தாழ்வான ஜன்னல். அந்த ஜன்னல் அளவைச் சொல்லி, கடையில் மிஞ்சிய பச்சைக் கோடு போட்ட துணியில் என்னைத் திரைச்சீலையும் தைக்கச் சொல்லிவிட்டாள். அஸ்திவாரமே போடாத வீட்டுக்கு மடிப்பு வைத்து, வளையம் மாட்டி, இஸ்திரி போட்டு வைத்தேன்.

தம்பி படத்தைப் பார்த்து, சூப்பர்க்கா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். சில வாரம் கழித்து மறுபடி வந்தான். அன்றும் நான் இருந்தேன், அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

"அக்கா, இதே வீட்டை முப்பதுக்கு இருபது மனையில கொண்டுவர முடியுமா?"

"எதுக்குடா?"

"சும்மா, விளையாட்டுக்குத்தான். பெரிய மனையில இந்தக் கம்ப்யூட்டர் திணறுதுல்ல. உன்னால முடியுதான்னு பாப்போமே."

"எல்லாம் அடங்காதே. எதை எடுக்கிறது?"

"அது உன் இஷ்டம். நீயே பாத்துக்கோ."

அவளால் முடியுமா என்று கேட்டால் போதும், அக்கா விடமாட்டாள். சுவருக்கு விட்ட கூடுதல் கட்டங்களை முதலில் எடுத்தாள். விளையாட்டுக்கு எதற்குச் சுவர்க் கனம்? தாழ்வாரத்தை எடுத்தாள், சமையலறையைச் சுருக்கினாள். அப்படியும் ஓர் அறை வெளியே நின்றது. பிள்ளை அறையைத் தொட மனசு வரவில்லை. கிழக்கு மூலையைச் சுற்றி ஒரு கோடு இழுத்து அழித்துவிட்டாள். திரையில் அக்காவாக நடமாடும் ஆளை எங்கே படுக்கவைப்பது? ஹாலில் ஒரு சோபாவைப் போட்டாள். ஆள் வந்து, சோபாவைப் பார்த்து, ஒரு கொட்டாவி விட்டு, காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. "பாருடா, சொந்த வீட்டிலேயும் எனக்கு ஹால்தான்!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பியும் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவன் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான்.

அதற்குப்பின் வீட்டுப் பேச்சு எடுத்தாலே அனுமதி வரவில்லை, அடுத்த மாசம்தான் தொடங்கும் என்றான். ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அளவெடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் நிறைய என்பதால் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நானும் போனேன். வேலை முடிந்ததும், "எங்க மனை இந்தப் பக்கம்தான். ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம். என் ஜன்னல்ல வெயில் எந்தப் பக்கம் விழும்னு தெரியணும்" என்றாள்.

போனால், மனையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தரையில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். தம்பியின் வண்டி ஓரமாக நின்றது. செங்கல் லாரிக்கு வழி காட்ட முனைக்குப் போயிருக்கிறான் என்றார்கள்.

அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். "ஆச்சரியப்படுத்தலாம்னு சொல்லாம ஆரம்பிச்சிருக்கான், திருட்டுப் பயல்" என்றாள். அவள் யாரென்று சொன்னதும் மேஸ்திரி முகம் மலர்ந்தது.

"நீங்கதான் அந்த அக்காவா? வாங்கம்மா. படம் அருமையா இருந்துச்சு. ஒரு அடி வீணாப் போகல. எங்க இன்ஜினியரே இப்படிப் போடமாட்டாரு."

கோடுகளுக்கு இடையில் வாசல் விட்டிருந்த இடத்தின் வழியாகத்தான் உள்ளே போனாள். "இது ஹால்டி. இது சமையலறை, ஆனா ஏன் இவ்வளவு..." என்று நிறுத்தினாள். கழுத்திலிருந்த நாடாவை உருவி ஒரு கோட்டின்மேல் நீட்டினாள். இன்னொரு கோட்டின்மேல் நீட்டினாள். நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன், அவள் ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை பார்த்தாள்.

"உங்க ரூம் எதும்மா? காட்டுங்க, ஜன்னலை அதுக்கேத்த மாதிரி பாத்து வெக்கிறேன்" என்றார் மேஸ்திரி. அவர் மேல் தப்பில்லை. பாவம், நல்ல மனசோடு கேட்டார்.

அக்கா கிழக்கே பார்த்தாள். அங்கே மனையை நடுவில் சரிபாதியாகப் பிரித்துக் கல் நட்டுக் கம்பி வேலி போட்டிருந்தது. நாற்பதுக்கு முப்பதை நடுவில் வெட்டினால் முப்பதுக்கு இருபது. அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

தம்பி வந்தான். எங்களைப் பார்த்ததும் நடை ஒரு விநாடி தயங்கியது.

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"வேலி யார் போட்டது?"

"பொண்ணு வீட்டு மாமாவும் அத்தையும்க்கா. ஒரே பொண்ணுல்ல, பக்கத்துலேயே இருக்கணும்னு ஆசைப்படறாங்க. பாதியில அவங்க கட்டிக்கட்டும்னு விட்டேன். பெரியவங்க கேக்கும்போது எப்படி முடியாதுன்றது?"

"என் ரூம் எங்கடா?"

"நீதானேக்கா எடுத்த? நான் எடுக்கச் சொன்னேனா? எதை எடுக்கிறதுன்னு உன் இஷ்டம்னுதானே சொன்னேன்."

"விளையாட்டுன்னு சொன்னியே."

"ஹால் பெருசாத்தானேக்கா வருது. நீ போட்ட மாதிரியே நல்ல சோபாவா வாங்கிப் போடறேன். நீயே சிரிச்சுக்கிட்டுத்தானே போட்ட? உனக்கு ஹால்ல படுத்துப் பழக்கம்தானே."

பழக்கமாம்! பழக்கிவிட்டது யார்? எனக்கு வாய் நிற்கவில்லை. "ஏம்பா, பொத்தான் போடத் தெரியாத வயசுலேருந்து வளர்த்தவளைச் செருப்புத் தட்டுப் பக்கத்துலேயே படுக்கவெக்கணும்னு உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

மேஸ்திரிக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "சார், இன்னொண்ணு. சுவர்க் கனத்தைக் கழிச்சுட்டா உங்க பெட்ரூம்ல கட்டில் போட்ட அப்புறம் கதவு பாதிதான் திறக்கும்" என்றார்.

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். அந்த நேரத்திலும் அவன் குரலில் பழைய கொஞ்சல் இருந்தது. "அக்கா, அதை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடேன். உனக்கு ஒரு நிமிஷ வேலை."

அக்கா நாடாவைச் சுருட்டினாள். கழுத்தில் போடாமல் பையில் போட்டாள்.

"இது விளையாட்டுக்கு வரைஞ்சது. அதனால சுவருக்கு இடம் விடல. நிஜத்துக்கு வரைஞ்சு கொடுத்ததை நீ எடுத்துக்கல. இனிமே நான் வரைய மாட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். தம்பி "அக்கா, அக்கா" என்று கோடுகளைத் தாண்டிப் பின்னால் வந்தான். நான் வேண்டுமென்றே செருப்புக் காலால் ஹாலின் கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டு வந்தேன். அவள் மட்டும் கோடு எதையும் மிதிக்காமல், வாசல் விட்டிருந்த இடம் வரைக்கும் சுற்றிப் போய் வெளியே வந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இன்றைக்கு என்னோடு வந்துவிடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். தலையாட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன், அழவில்லை. இறங்கும் இடம் நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆள் சோபாவுல காலை மடக்கிப் படுத்தப்ப அவனும் சிரிச்சான் இல்ல?"

"ஆமாம்."

"அப்பவே அவனுக்குத் தெரியும் இல்ல?"