காசிம் நிறுத்திய பக்கம்

எனக்குப் படிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என் வாலிப வயதில் மடுகரையில் என் கூட்டாளி காசிம், தன் மளிகைக்கடையில் படம் போட்ட பேய்க்கதைப் புத்தகங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். ஒரு கதையில், முதல் பாகத்தில் இளவரசனைக் கொல்லத் துரத்திய பிசாசு, ஐந்தாம் பாகத்தில் அவனுக்காக உயிரையே கொடுக்கப்போனது. அங்கே காசிம் சட்டென்று நிறுத்தினான்.

"மேல இன்னாபா?" என்று புத்தகத்தைப் பிடுங்கினார், எனக்குக் கரும்பு வெட்டும் வேலை தரும் மேஸ்திரி. படத்தில் பிசாசு இளவரசனை முத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாடா கண்றாவி, ரெண்டும் ஆம்பள! இதையா படிக்கிற?"

காசிமின் முகம் வெளுத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனை ஒட்டியே உட்காருபவன் நான்தானே. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

புத்தகத்தை வாங்கி அவனிடமே கொடுத்தேன். "நீ படிபா. பிசாசு பொழைச்சுதா, இல்லியா?"

கடைசிப் பக்கம் வரை படித்தான். மேஸ்திரியும் எழுந்து போகவில்லை.

பிசாசு பிழைத்ததா என்பது மறந்துபோயிற்று. படித்து முடிக்கும்வரை என் தோளில் சாய்ந்திருந்த அவன் தோளின் சூடு மறக்கவில்லை.